வரைவு அறிவிக்கை வந்த நாள் முதல்: பிளாஸ்டிக் தொழில் சங்கத்தின் ஒழுங்குமுறைக் குழுவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பொதுக்குழுக் கூட்டத்தில் கையைத் தூக்கியவரையும், தூக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரையும் சேர்த்து ஒரு குழுவில் போட்டுவிடுவது நம் சங்கங்களின் வழக்கம். அப்படி ஒழுங்குமுறைக் குழுவுக்கு வந்து சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அரசு ஒரு விதியைக் கொண்டுவரும் முன் கருத்துக் கேட்டு வெளியிடும் வரைவு அறிவிக்கைக்குச் சங்கத்தின் சார்பில் மனு அனுப்புவதுதான் இந்தக் குழுவின் வேலை. கண்காட்சிக் குழு, உறுப்பினர் சேர்க்கைக் குழு போன்றவற்றைத் தொடவில்லை. அவற்றில் என்ன செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒழுங்குமுறைக் குழுவில்தான் நல்ல உழைப்பாளிகளும் தடுமாறுகிறார்கள்.

தடுமாற்றம் பெரும்பாலும் வரிசையில் வருகிறது. மனுவை முதலில் எழுதிவிட்டுப் பிறகு ஆதாரம் தேடுகிறார்கள். உறுப்பினர்களுக்குள் உடன்பாடு எட்டுவதற்கு முன்பே பத்திரிகையாளர்களைச் சந்தித்துவிடுகிறார்கள். அமைச்சக அதிகாரிக்குத் தேவைப்படுவது எந்த விதி, அதில் எந்தச் சொல், அதற்குப் பதில் என்ன சொல், ஏன் என்ற நான்கு மட்டுமே. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த நான்கையும் குறித்த நாளுக்குள் கொடுப்பதற்கானவை.

1. அறிவிக்கை வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டியவை

முதலில் உறுப்பினர் அட்டவணை. பெயர், முகவரி, சந்தா நிலுவை மட்டும் இருக்கும் பட்டியல் இந்த வேலைக்கு உதவாது. ஒவ்வொருவரும் செய்வது இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கா, புளோ மோல்டிங்கா (இரண்டும் பிளாஸ்டிக்கை அச்சில் வார்க்கும் முறைகள்), ஃபிலிம் என்ற மெல்லிய தாள் ஓட்டுகிறார்களா, குழாயா, மறுசுழற்சியா என்று இருக்க வேண்டும். எந்த மூலப்பொருள், ஆண்டுக்கு ஏறக்குறைய எத்தனை டன், உத்யம் என்ற அரசுப் பதிவில் குறுந்தொழிலா சிறுதொழிலா நடுத்தரமா என்பதும் வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் இந்த வகைப்பாட்டின் வரம்புகள் உயர்ந்துவிட்டன. குறுந்தொழிலுக்கு முதலீடு 2.5 கோடி, விற்றுமுதல் 10 கோடி. சிறுதொழிலுக்கு முறையே 25 கோடி, 100 கோடி. பழைய பட்டியலை வைத்துக்கொண்டு ‘எங்கள் உறுப்பினர்களில் இத்தனை பேர் சிறுதொழில்’ என்று எழுதினால் எண் தவறாகிவிடும்.

இரண்டாவது, செயற்குழுவின் தீர்மானம். யார் கையெழுத்திடலாம், தலைவர் ஊரில் இல்லையென்றால் யார், எந்த விஷயத்துக்குச் செயற்குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று எழுத்தில் இருக்கட்டும். கடைசி நாளன்று மாலையில் கையெழுத்துக்காகத் தலைவரைத் தேடி அலைவது நான் பலமுறை பார்த்த காட்சி.

இவற்றை முன்கூட்டியே ஏன் செய்ய வேண்டும்? சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் வரைவுகளுக்கு வழக்கமாக 60 நாள் அவகாசம் தருகிறார்கள். ஆனால் பொதுநலன் கருதி முன்னறிவிப்பே இல்லாமல் விதியை வெளியிடவும் 1986-ஆம் ஆண்டு விதிகளில் அரசுக்கு இடம் உண்டு.

2. குழுவில் யாரைச் சேர்ப்பது

ஏழு முதல் பதினொரு பேர் போதும். அதற்கு மேல் போனால் கூட்டம் நடக்கும், வேலை நடக்காது. ஃபிலிம், மோல்டிங், குழாய், மறுசுழற்சி ஆகிய ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். ஒருவர் விடுபட்டால் அவர் தரப்புப் பாதிப்பு மனுவில் இடம்பெறாது. பிறகு அவரே தனியாக ஒரு மனு அனுப்புவார். ஒரே சங்கத்திலிருந்து முரண்பட்ட இரண்டு கடிதங்கள் போய்ச் சேர்ந்தால் அதிகாரிக்கு வேலை எளிது: இரண்டையும் ஒதுக்கிவிடலாம்.

முதலாளிகள் மட்டும் உட்கார்ந்திருக்கும் குழு பலவீனமானது. உற்பத்தித் தளத்தை நடத்தும் மேலாளர் ஒருவராவது வேண்டும். ஒரு டை (உருகிய பிளாஸ்டிக்கை வடிவாக்கி வெளித்தள்ளும் பாகம்) எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை சீராக ஓடும், அச்சில் ஒரு குறியீட்டை மாற்ற எத்தனை நாள் ஆகும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். சோதனை முறைகள் பற்றிய கேள்விகளுக்கு, சென்னை கிண்டியில் தலைமையகம் உள்ள, பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கான மத்திய அரசு நிறுவனமான சிப்பெட் போன்ற நிறுவனங்களிலிருந்து ஒரு நிபுணரைச் சிறப்பு அழைப்பாளராகக் கூப்பிடலாம். வாக்குரிமை வேண்டாம்.

3. கூட்டத்தில் பேசக் கூடாதவை

புதிதாக வருபவர்கள் அதிகம் அலட்சியப்படுத்தும் படி இது. குருணை (பிளாஸ்டிக் மூலப்பொருள்) விலை ஏறிய மாதத்தில் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் சொல்வார்: ‘எல்லோரும் சேர்ந்து கிலோவுக்கு இவ்வளவு ஏற்றிவிடலாமே.’ சொல்பவருக்கு அது சகஜமான பேச்சு. சட்டத்துக்கு அப்படியில்லை.

போட்டியாளர்கள் சேர்ந்து விலையை நிர்ணயிப்பது, உற்பத்தியைக் குறைப்பது, சந்தையையோ வாடிக்கையாளரையோ பங்கிட்டுக்கொள்வது ஆகியவற்றைப் போட்டிச் சட்டம், 2002-இன் 3-ஆம் பிரிவு தடுக்கிறது. சங்கம் எடுக்கும் முடிவும் அதில் அடங்கும். பொறுப்பில் இருந்த தனிநபர்கள் மீதும் 48-ஆம் பிரிவின்படி நடவடிக்கை வரலாம். அரசிடம் வரியைக் குறைக்கச் சொல்லிச் சங்கமாகக் கேட்பது வேறு. நமக்குள் விற்பனை விலையைப் பேசி முடிப்பது வேறு. முதலாவது சங்கத்தின் வேலை, இரண்டாவது வழக்குக்கு வழி.

ஆகவே நிகழ்ச்சி நிரல் இல்லாமல் கூட்டம் கூட்டாதீர்கள். கூட்டம் தொடங்கும்போதே இன்று விலை, தள்ளுபடி, வாடிக்கையாளர், உற்பத்தி அளவு பற்றிப் பேச்சில்லை என்று தலைவர் சொல்லட்டும். யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்தி, நிறுத்தியதையும் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். குழுவின் வாட்ஸ்அப்பிலும் இதே விதிதான். மண்டபத்தில் வாயை மூடிக்கொண்டு குழுவில் விலைப்பட்டியல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அழிக்க முடியாத சாட்சி அதுதான்.

4. வரைவைப் படிக்கும் முறை

செய்தித்தாளில் வந்ததைப் படித்துவிட்டுக் கூட்டம் கூட்டாதீர்கள். அரசிதழில் வந்த மூலத்தை எடுங்கள். அதைத் தனியாகப் படித்தாலும் புரியாது. திருத்த அறிவிக்கை ‘இந்த விதியில், இந்த உட்பிரிவில், ஐம்பது என்ற சொல்லுக்குப் பதிலாக’ என்றுதான் பேசும். மூல விதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திருத்தம் சேர்ந்த முழு வாசகத்தை ஒருவர் தயாரிக்க வேண்டும். பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், 2016 பலமுறை திருத்தப்பட்டுவிட்டன. பழைய பிரதியோடு ஒப்பிட்டால் ஏற்கெனவே நீக்கப்பட்ட வரிக்கு ஆட்சேபம் தெரிவிக்க நேரும்.

படிக்கும் வரிசையும் உண்டு. முதலில் வரையறைகள், பிறகு யார் பொறுப்பாளி, பிறகு நடைமுறைக்கு வரும் தேதி, பிறகு அட்டவணைகள், கடைசியில்தான் அளவுகளும் வரம்புகளும். நம்மவர்கள் நேராக மைக்ரானுக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் ‘உற்பத்தியாளர்’, ‘பிராண்டு உரிமையாளர்’ ஆகிய சொற்களுக்குத் தரப்பட்ட பொருளைப் பொறுத்துத்தான் பொறுப்பு உங்கள் தலையிலா, உங்களிடம் சரக்கு வாங்குபவர் தலையிலா என்பது தீர்மானமாகும்.

மாநில விதியையும் சேர்த்துப் பாருங்கள். 2018 ஜூன் 25-ஆம் தேதி அரசாணையின்படி தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தூக்கியெறியப்படும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகைக்குத் தடை. கடையில் சரக்குப் போட்டுத் தரும் கைப்பைகள் எந்தத் தடிமனாக இருந்தாலும் அதில் அடங்கும். மத்திய விதி 120 மைக்ரான் தடிமனான பையை அனுமதிக்கிறது என்பதை மட்டும் படித்துவிட்டு எந்திரம் வாங்கத் துணிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படித்து முடித்ததும் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி ஒரு நாள்காட்டி போடுங்கள். 60 நாளில் முதல் ஐந்து நாள் படிக்க, இருபதாம் நாளுக்குள் தரவு, முப்பத்தைந்துக்குள் உள் உடன்பாடு, நாற்பத்தைந்துக்குள் மனு, ஐம்பதாம் நாள் அனுப்பியாக வேண்டும். மிச்சமிருக்கும் பத்து நாள் கையெழுத்துக்கும் எதிர்பாராததற்கும்.

5. தரவு திரட்டுவது

குழுவின் மதிப்பு இந்தப் படியில்தான் இருக்கிறது. ‘ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை இழப்பார்கள்’ என்ற வரியை எல்லாச் சங்கங்களும் எல்லா மனுக்களிலும் எழுதிவிட்டன. யாரும் அதைப் படிப்பதில்லை.

வினாப்பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் உற்பத்தியில் எத்தனை சதவீதம் இந்த விதிக்குள் வரும்? இப்போதுள்ள எந்திரத்தில் புதிய அளவை ஓட்ட முடியுமா, எதை மாற்ற வேண்டும்? மாற்றும் பாகம் வந்து சேர எத்தனை வாரம்? கையில் அச்சிட்ட சுருள், பொறித்த சிலிண்டர் எவ்வளவு இருக்கிறது? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் மறக்கிறார்கள். லேபிளில் ஒரு குறியீடு மாறினால், பொறித்த உருளையால் அச்சிடும் கிராவூர் முறையில் அந்தச் சிலிண்டரை மீண்டும் பொறிக்க வேண்டும். மோல்டிங்கில் எஃகு அச்சிலேயே மாற்றம் செய்ய வேண்டும். வரைவை எழுதியவருக்கு அது ஒரு வரி; செய்பவருக்குப் பல வாரம்.

பதில்கள் நேராகக் குழு உறுப்பினர்களிடம் வரக் கூடாது. அவர்களும் போட்டியாளர்களே. சங்க அலுவலகமோ தணிக்கையாளரோ பெற்று, தொகுத்து, மொத்தத்தை மட்டும் தரட்டும். ஒரு பிரிவில் ஐந்து பேருக்குக் குறைவாகப் பதில் தந்திருந்தால் அந்தப் பிரிவைத் தனியாகக் காட்டாதீர்கள். யாருடைய எண் எது என்பதை ஊரே கண்டுபிடித்துவிடும்.

அதிகாரியே சரிபார்க்கக்கூடிய கணக்கு ஒன்று மனுவில் இருப்பது நல்லது. கைப்பையையே எடுத்துக்கொள்வோம். 30 சென்டிமீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் உயரம், இரண்டு பக்கம் என்றால் பரப்பு 0.24 சதுர மீட்டர். 50 மைக்ரான் தடிமனில் பிளாஸ்டிக்கின் கன அளவு 12 கன சென்டிமீட்டர். பைக்குப் பயன்படும் பிளாஸ்டிக் வகையான எல்.டி.பி.இ.-யின் அடர்த்தியைக் கன சென்டிமீட்டருக்கு 0.92 கிராம் என்று வைத்தால் பையின் எடை சுமார் 11 கிராம். அதே பை 120 மைக்ரானில் சுமார் 26.5 கிராம். ஒரு கிலோ குருணையில் 90 பை வந்த இடத்தில் 38-க்குள் வரும். ஒரு பைக்கு இரண்டு மடங்குக்கு மேல் பிளாஸ்டிக் செலவாகிறது என்பது இதிலிருந்து யாருக்கும் புரியும்.

இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் வெட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். தடிமனான பையை மக்கள் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள், குப்பை பொறுக்குபவர்களும் அதை விட்டுவிட மாட்டார்கள் என்பது அரசின் வாதம். அதற்கான பதிலும் உங்களிடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்கை வைக்காமல் இருப்பதே மேல்.

6. வெளியே போகும் முன் உள்ளே பேசி முடிப்பது

பிளாஸ்டிக் தொழில் ஒரே தொழில் அல்ல. மூலப்பொருள் தயாரிப்பவரின் நலனும் அதை வாங்கிப் பொருளாக்குபவரின் நலனும் மோதும். குழாய்க்கு மூலப்பொருளான பி.வி.சி. பிசினுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை (இந்தியத் தரத்தைக் கட்டாயமாக்கும் ஆணை) நடைமுறைக்கு வரும் தேதி திரும்பத் திரும்பத் தள்ளிப்போன காலத்தில் உள்நாட்டு உற்பத்தியாளர்கள் ஒன்று கேட்டார்கள், இறக்குமதிச் சரக்கை நம்பிய குழாய்க்காரர்கள் வேறொன்று கேட்டார்கள். இரு தரப்பும் ஒரே சங்கத்தில் இருந்தால் நிலைப்பாடு எடுப்பது சுலபமல்ல.

இப்போது சூடான விவாதம் மறுசுழற்சிப் பொருளின் பங்கு பற்றியது. 2022 பிப்ரவரியில் வந்த இ.பி.ஆர். (பேக்கேஜிங் கழிவுக்கு அதைச் சந்தைக்குக் கொண்டுவருபவரையே பொறுப்பாக்கும் ஏற்பாடு) வழிகாட்டு நெறிமுறைகளின்படி, கெட்டியான பேக்கேஜிங்கில் 2025-26-இல் 30 சதவீதம் மறுசுழற்சிப் பிளாஸ்டிக் இருக்க வேண்டும். ஆண்டுக்குப் பத்துப் பத்தாக ஏறி 2028-29-இல் 60 சதவீதமாக வேண்டும். மறுசுழற்சியாளருக்கு இது பொற்காலம். மோல்டிங் செய்பவருக்கு வாடை, நிறம், வலிமை ஆகிய மூன்று தலைவலி. சட்டப்படி பொறுப்பு பிராண்டு உரிமையாளர் போன்றோருடையது. ஆனால் ஆர்டர் வரும்போது நிபந்தனையாக அது மோல்டிங் செய்பவரிடமே வந்து நிற்கிறது.

இதைக் கூட்டத்தில் ‘ஆதரிக்கிறோமா, எதிர்க்கிறோமா’ என்று வாக்கெடுப்புக்கு விட்டால் சங்கம் உடையும். கேள்வியைப் பிரியுங்கள். சதவீதம் எவ்வளவு? எந்தத் தேதி? மறுசுழற்சிப் பங்கை யார், எந்தச் சோதனையில் சான்றளிப்பது? வேறு சட்டத்தின் காரணமாகச் சேர்க்க முடியாத பொருள்களுக்கு விலக்கு கேட்பது எப்படி? முதல் கேள்வியில் சண்டை வரும். மூன்றாவதிலும் நான்காவதிலும் அநேகமாக எல்லோரும் ஒத்துப்போவார்கள், ஏனென்றால் போலிச் சான்றிதழ் நேர்மையான மறுசுழற்சியாளரைத்தான் முதலில் கொல்கிறது. ஒத்துப்போனதை மட்டும் சங்கத்தின் நிலைப்பாடாக எழுதுங்கள். ஒத்துப்போகாததில் இரு தரப்பையும் பதிவு செய்யுங்கள், அல்லது அதைப் பற்றி மௌனமாக இருங்கள்.

7. மனு எழுதுவது

முதல் பக்கம் சங்கம் யார், எத்தனை உறுப்பினர், எந்த வகை என்று ஐந்து வரி. அதன்பின் அட்டவணை: விதி எண், வரைவில் உள்ள வாசகம், நாங்கள் கேட்கும் வாசகம், காரணம். ‘மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறோம்’ என்று முடிக்கும் மனுவை ஏற்றுக்கொள்ள அதிகாரி விரும்பினாலும் அவரால் முடியாது. எதை எழுதுவது என்று நீங்கள் சொல்லவில்லையே. ஆட்சேபம் இல்லாத விதிகளை ஆட்சேபம் இல்லை என்றே எழுதிவிடுங்கள். எல்லாவற்றையும் எதிர்ப்பவரின் சொல்லுக்கு எடை குறைவு.

வரம்பைவிடத் தேதியை நகர்த்துவது எளிது என்பது என் கணிப்பு. 2021 மார்ச்சில் வந்த வரைவு கைப்பைகளுக்கு 120 மைக்ரானை அதே ஆண்டு செப்டம்பர் 30-இலேயே கேட்டது. ஆகஸ்ட் 12-இல் வந்த இறுதி விதியில் செப்டம்பர் 30-க்கு 75 மைக்ரான், 120 மைக்ரான் 2022 டிசம்பர் 31 முதல் என்று இரண்டு படியாக மாறியிருந்தது. 120 என்ற எண் அசையவில்லை. எனவே எந்த மனுவிலும் முதல் கோரிக்கைக்குக் கீழே ‘அது இயலாதெனில்’ என்று ஒரு மாற்றுத் தேதியோ படிப்படியான ஏற்பாடோ இருக்கட்டும். அதற்கு ஐந்தாம் படியில் திரட்டிய ‘எத்தனை வாரம்’ என்ற பதில்தான் ஆதாரம்.

8. அனுப்புவதும் சந்திப்பதும்

வரைவிலேயே குறிப்பிட்ட மின்னஞ்சலுக்கும் அஞ்சல் முகவரிக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். சிறு, குறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்துக்கும் மாநிலத் துறைக்கும் நகல். உங்கள் சங்கம் தேசிய அமைப்பில் உறுப்பு என்றால், அவர்கள் மனு எழுதும் முன்பே உங்கள் அட்டவணை அவர்கள் கையில் இருக்க வேண்டும். அனுப்பிய பிறகு நகல் கொடுப்பதில் பயனில்லை.

நேரில் போக வாய்ப்புக் கிடைத்தால் இரண்டு அல்லது மூன்று பேர் போதும். ஒருவர் தொழிற்சாலை நடத்துபவராக இருக்கட்டும். பொன்னாடை, நினைவுப் பரிசு, குழுப் படம் ஆகியவற்றுக்குப் பத்து நிமிடம் போனால் சந்திப்பே முடிந்துவிடும். இரண்டு மாதிரிப் பைகளை மேசையில் வைத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்வது அதைவிட நல்லது.

9. இறுதி விதி வந்த பிறகு

மனு அனுப்பியதும் குழு கலைந்துவிடுகிறது. பல சங்கங்களில் இறுதி விதி வந்தது உறுப்பினருக்கு ஆய்வாளர் வந்து சொல்லித்தான் தெரிகிறது. ஆகவே இறுதி விதி வந்த ஒரு வாரத்துக்குள் சுற்றறிக்கை போக வேண்டும், தமிழில். மூன்று விஷயம் மட்டும்: இது யாருக்குப் பொருந்தும், எந்தத் தேதியில், எந்தப் பதிவு அல்லது படிவம். வரைவும் இறுதி விதியும் வேறுபடும் இடங்களைத் தனியாகக் காட்டுங்கள், ஏனெனில் உறுப்பினரின் மனதில் வரைவின் எண்களே பதிந்திருக்கும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டியிருந்தால் ஒரு நாள் உதவி முகாம் நடத்துங்கள். ஜி.எஸ்.டி. சான்றில் ஒரு பெயர், பான் அட்டையில் வேறு பெயர் என்பது போன்ற சில்லறைக் காரணங்களுக்கே விண்ணப்பங்கள் திரும்புகின்றன.

10. அறிவிக்கை இல்லாத மாதங்களில்

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரைவுகளைக் கவனியுங்கள். குடிநீர்க் குழாய்க்கு ஐ.எஸ். 4985, மறுசுழற்சிக்கு ஐ.எஸ். 14534 என்று நம் தொழிலைக் கட்டுப்படுத்தும் தரங்கள் அங்கேதான் எழுதப்படுகின்றன. விதிகள் அவற்றையே மேற்கோள் காட்டுகின்றன. வரைவுத் தரங்கள் கருத்துக்காகச் சுற்றுக்கு விடப்படும்போது யாரும் பதில் தருவதில்லை. பிறகு தரம் கட்டாயமானதும் கூச்சல். அங்கேயும் உட்பிரிவு எண், கருத்து, மாற்று வாசகம் என்ற அட்டவணைதான் கேட்கிறார்கள். துறைக் குழுக்களில் சங்கத்தின் பிரதிநிதியாக ஒருவரையும் மாற்றாக ஒருவரையும் பரிந்துரைக்கலாம். சங்கமே தரத்தை எழுதவும் முடியும்: பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் பிளாஸ்டிக் வகையைக் காட்டும் 1 முதல் 7 வரையான எண்கூட 1988-இல் அமெரிக்காவின் பிளாஸ்டிக் தொழில் சங்கம் வகுத்ததுதான்.

உறுப்பினர் அட்டவணையை ஏப்ரலில் புதுப்பியுங்கள். கணக்கு முடித்த சூட்டில் டன் கணக்கு எல்லோருக்கும் நினைவிருக்கும். படிவத்தைத் தனியாக அனுப்பாமல் சந்தா நினைவூட்டலோடு சேர்த்தே அனுப்புங்கள். தனியாக அனுப்பிய படிவங்கள் திரும்பி வருவதில்லை.